எட்டு நாற்காலிக்கு ஒன்பது பேர்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரைப் புதுவருட விடுமுறை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில் அட்டைப் போட்டி நடந்தது. நம் ஊர் முந்நூற்று நான்கு என்ற சீட்டாட்டம் அல்ல. மந்திரவாதிகளும் மிருகங்களும் அச்சடித்த அட்டைகளில் அவரவர் தமக்கென ஒரு கட்டுச் சேர்த்துக்கொண்டு வந்து மோதும் விளையாட்டு. முப்பது வயதில் இதென்ன சின்னப்பிள்ளை வேலை என்று வீட்டில் என்னைத் திட்டாத நாளில்லை. ஆனால் அன்று முதலாவதாக வருபவர் பாங்கொக் போட்டிக்குப் போகலாம். அங்கே கூடியிருந்த எங்கள் யாருக்கும் அது விளையாட்டில்லை.

என்னோடு எட்டு வருடமாக விளையாடும் நண்பனும் வந்திருந்தான். கொட்டாஞ்சேனைக்காரன். ஒருகொடவத்தையில் கன்டெய்னர் யார்ட் ஒன்றில் வேலை. அந்த ஞாயிறு லீவு எடுப்பதற்காக யார் யாருக்கோ மாறி வேலை செய்திருந்தான். பத்து நாளில் கட்டாருக்கு வேலைக்குப் போக இருந்தான். இப்படியொரு போட்டியில் முதலிடத்துக்காகக் கடைசியில் மோதும் எட்டுப் பேருக்குள் அவன் ஒருநாளும் வந்ததில்லை.

"மச்சான், ஒருக்கா அந்த எட்டுக்குள்ள வந்திட்டுப் போனா காணும் எனக்கு. வெல்லக்கூடத் தேவையில்ல," என்று பஸ்ஸால் இறங்கும்போதே சொன்னான்.

பின்னேரம், அந்த எட்டுப் பேரைத் தெரிவுசெய்யும் கடைசிச் சுற்றில் எங்கள் இருவரையும் ஒரே மேசையில் போட்டுவிட்டார்கள். இருவருக்கும் ஒரே புள்ளி. இந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேரும் சம்மதித்தால் விளையாடாமலே சமநிலை என்று எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஆளுக்கொரு புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளியோடு பெரும்பாலும் இருவரும் எட்டுக்குள் போய்விடலாம். விளையாடினால் தோற்பவன் வெளியே.

அந்தப் 'பெரும்பாலும்' என்பதில்தான் என் கள்ளம் இருந்தது. வேறு இரண்டு மேசைகளும் சமநிலை எழுதினால் எட்டு இடத்துக்கு ஒன்பது பேர் நிற்போம். அப்போது அதுவரை நாம் யார் யாரோடு விளையாடினோம், அவர்கள் எவ்வளவு வென்றார்கள் என்று பார்த்துத்தான் ஒருவரைக் கழிப்பார்கள். நான் பலமான ஆட்களோடு விளையாடியிருந்தேன். அவனோடு விளையாடிய இருவர் தோற்றுத் தோற்று மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். கழிபடுவது யார் என்பதைச் சுற்றுக்கு முந்திய இடைவேளையிலேயே போனில் கணக்குப் போட்டுப் பார்த்து வைத்திருந்தேன். இப்போது அவனுக்குப் பின்னால் இரண்டு மேசைகளில் விளையாடாமலே கட்டுகளைப் பெட்டிக்குள் வைப்பதும் எனக்குத் தெரிந்தது.

விளையாடியிருக்கலாம். ஆனால் அவனுடைய கட்டு என்னுடைய கட்டுக்கு எமன். பழகும்போது பத்துக்கு ஏழு தடவை அவன்தான் வெல்வான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"ட்ரோ எழுதுவம்," என்றேன்.

"கணக்குப் பார்த்தனியா?"

"ஓம், பார்த்தனான். ரெண்டு பேரும் உள்ள."

அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் கூட்டத்தில் கணக்கு என்றால் நான்தான். நடுவர்கூட, "ஷுவர்த மல்லி?" நிச்சயமா தம்பி என்று சிங்களத்தில் அவனைப் பார்த்து ஒருதரம் கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

கீழே தேநீர்க் கடையில் நின்று மனைவிக்குப் போன் எடுத்தான். "எட்டுக்குள்ள வந்திட்டன்," என்று றோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டான். பக்கத்தில் நின்று நான் மீன் ரோல்ஸ் சாப்பிட்டேன். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை வாய் நிறையத் தின்றுகொண்டே செய்தேன்.

மேலே வந்தபோது பட்டியல் ஒட்டியிருந்தார்கள். என் பெயர் ஆறாவது. அவன் விரலை வைத்து மேலிருந்து கீழே மூன்று தடவை வாசித்தான். ஒன்பதாவதில் விரல் நின்றது.

"உன்ட பிழையில்ல மச்சான். மற்ற மேசைக்காரரும் ட்ரோ எடுப்பினம் எண்டு ஆர் கண்டது?" என்றான்.

"ஓம், ஆர் கண்டது," என்றேன் நானும்.

அவன் படிக்கட்டுப் பக்கம் போய் மறுபடியும் மனைவிக்குப் போன் எடுத்தான். இந்தமுறை சத்தம் கேட்கவில்லை. பிறகு வந்து, நான் விளையாடி முடிக்கும்வரை எனக்குப் பின்னாலேயே இருந்தான். நான் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியே வந்தேன். என்னைவிட அவன்தான் அதிகம் கவலைப்பட்டான்.

பயணத்துக்கு முதல்நாள் வீட்டுக்கு வந்து தன் கட்டை என் கையில் தந்தான். "அங்க ஆரோட விளையாடுறது? நீ வச்சு விளையாடு," என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அதன்பின் நான் போட்டிக்குப் போகவில்லை. விதியை மீறவில்லையே, எல்லாரும் செய்கிற தந்திரம்தானே என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஆறவில்லை. அன்றைக்கு என் கணக்குப் பிழைத்துவிட்டது என்றுதான் அவன் இன்றும் நம்பி, போன் எடுக்கும்போதெல்லாம் என்னைத் தேற்றுகிறான். அது கொஞ்சமும் பிழைக்கவில்லை என்று அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.