கழுவக் கூடாத கிழங்கு

பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரம்மா வீட்டில் ஒன்பது வருஷமாகச் சமைத்துவந்தாள் ரஞ்சிதம். மதாம் என்றுதான் அந்த அம்மாளைக் கூப்பிடுவாள். மலைமேல் இருக்கும் சொந்த ஊரான ஜமுனாமரத்தூருக்கு மாதம் ஒருமுறை வந்துபோவதில், சாமைக்காட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்த கணவன் ஆரோக்கியதாஸுக்கு அவள் விருந்தாளி மாதிரி ஆகிவிட்டாள்.

மலையில் புதிதாகத் தங்கும் விடுதி கட்டிய பூபாலன், வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள், சமைக்க ஆள் தேவை என்றார். ஞாயிறு மதியம் வீட்டுக்கே வருகிறேன், மதாமுக்குச் செய்வதில் ஒன்றைச் செய்யுங்கள், பிடித்தால் வேலை உங்களுக்கு என்று சொல்லிவிட்டார். பிடிக்காவிட்டால் திங்கள் காலை பாண்டிச்சேரி பஸ்தான்.

கிராத்தான் என்கிற பிரெஞ்சுப் பதார்த்தத்தைச் செய்வதென்று ரஞ்சிதம் முடிவெடுத்தாள். உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, பூண்டு தேய்த்த பாத்திரத்தில் அடுக்கி, பாலும் பாலாடையும் உப்பும் துளி ஜாதிக்காயும் சேர்த்து வேகவிட வேண்டும். வேகவைக்க மதாம் வீட்டில் இருப்பதுபோல ஓவன் இங்கே கிடையாது. பிரியாணிக்குத் தம் போடுவதுபோல மூடிமேலும் தணல் கொட்டிக்கொள்ளலாம் என்றான் ஆரோக்கியதாஸ்.

சீவி வைத்துவிட்டுத் தணல் பார்க்கக் கொல்லைக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் நாத்தனார் அன்னமேரி வில்லைகளை இரண்டு தண்ணீரில் அலசி வடித்து வைத்திருந்தாள்.

"கறுத்துப் போவுதேன்னு கழுவிட்டேன் அண்ணி. வர்றவரு கௌரவமானவரு."

 கிழங்கின் மாவுதான் பாலைக் கெட்டியாக்கும். சீவிய பிறகு தண்ணீர் காட்டவே கூடாது என்பது மதாமின் முதல் பாடம். வீட்டில் வேறு கிழங்கும் இல்லை.

"மொத தண்ணி எங்க?"

"பசுவுக்குத்தான். குண்டான்ல இருக்குது, இன்னும் கழுநீர்த் தொட்டில ஊத்தல. இன்னாத்துக்கு?"

குண்டானை ஆட்டாமல் கால்மணி நேரம் வைத்தாள். மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்தபோது அடியில் சுண்ணாம்புபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. அதை விரலால் வழித்துப் பாலில் கரைத்தாள். பசுவோட பங்கைப் புடுங்கிட்டீங்களே என்றாள் அன்னமேரி. ரஞ்சிதம் பாலை வில்லைகள்மேல் ஊற்றித் தணலில் ஏற்றினாள்.

பூபாலன் வந்து உட்கார்ந்ததும் அன்னமேரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கெழங்க நாந்தாங்க கழுவிட்டேன். அண்ணி மேல தப்பு இல்லீங்க."

"கழுவாத கெழங்கையா எனக்குப் போடப் பாத்தீங்க?" என்று சிரித்தார் அவர்.

முதல் கரண்டியில் பால் ஓடுகிறதா என்று மட்டுமே ரஞ்சிதம் பார்த்தாள். ஓடவில்லை, வில்லைகளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பூபாலன் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தரம் வாங்கிக்கொண்டார். கை கழுவிவிட்டு, இருபது பேருக்கு இதே மாதிரி வருமா என்றார்.

"வருங்க. ஆனா சீவுறப்ப அடுப்பங்கரையில வேற ஆள் இருக்கக் கூடாதுங்க."

வியாழக்கிழமை வந்து சேருங்கள் என்று சொல்லிப் போனார்.

சாயங்காலம் மதாமுக்குப் போன் செய்தாள். தணலில் கிராத்தான் செய்து ஊரிலேயே வேலை வாங்கியதைச் சொன்னாள்; இனி வர முடியாது என்பதை மூன்று தடவை வேறு வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது.  பிறகு மதாம், எவ்வளவு நேரம் வேகவைத்தாய் என்று கேட்டாள்.

"ஒன்றேகால் மணி நேரம், மதாம்."

தணலில் அது அதிகம், ஓரம் கருகியிருக்குமே என்றாள் மதாம்.

கருகித்தான் இருந்தது. கொஞ்சம் என்று ஒத்துக்கொண்டாள் ரஞ்சிதம்.