பெட்டிப்பொறியில் வைத்த வடை

காரில் மூன்று பேர். ஓட்டும் இருக்கையில் நிர்மலாதேவி. மலேசியாவின் ஈப்போவிலிருந்து நியூசிலாந்துக்கு வந்து, ஆக்லாந்தின் கிளென் ஈடனில் வீடு வாங்கியவர். பக்கத்தில் அவர் வீட்டில் வாடகைக்கு இருந்த பூங்கோதை, ஆய்வு மாணவி. பின்னால் அவள் கணவன் கோதண்டராமன். மடியில் தகரப் பெட்டிகள். இது கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மூவரையும் தனித்தனியாகக் கேட்டாயிற்று. மூவரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்.

1996, ஆடி அமாவாசை. ஆக்லாந்தில் அது குளிர்காலம்.

காட்டு எலிகளைக் கணக்கெடுக்க எந்தப் பொறி மேல்? அதுதான் ஆய்வு. ஒரு வரிசையில் கொல்லும் பொறி. அடுத்ததில் மைக்கூடு: ஒரு கை மட்டும் நுழையும் நீளமான கூடு, நடுவில் மை, இருபுறமும் வெள்ளைத்தாள். எலி நடந்தால் காலடி பதியும். மூன்றாவது, உயிரோடு பிடிக்கும் பெட்டி. முதல் இரண்டிலும் எலி வந்தது. பெட்டியில் மட்டும் இரண்டு வாரமாக ஒன்றுமில்லை. வெள்ளிக்குள் விழாவிட்டால் ஒப்பிட எதுவுமில்லை. பட்டம் இல்லை. விசாவும் போச்சு.

வேர்க்கடலை விழுதுக்கு மசியாத எலி மசால் வடைக்கு மசியும் என்று பூங்கோதைக்குத் தோன்றியது. நிர்மலாதேவி சுட்டுக் கொடுத்தார். மூன்று வரிசைக்கும் ஒரே இரைதான் வைக்க வேண்டும்.

“எலிக்கு வடை, எனக்கு வாசனை மட்டுமா?” என்றான் கோதண்டராமன்.

“பெட்டிக்குள்ள போங்க, தர்றேன்.” பிறகு பூங்கோதை தயங்கினாள். “அக்கா, அமாவாசையாச்சே. படைக்காம எடுக்கலாமா?”

“எங்க வீட்டுல படைக்க யாரும் இல்ல லா. கொண்டுபோய் வை.”

மாலையில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் காலை ஏழு மணி. மலைக்காட்டில் பனிமூட்டம். நிர்மலாதேவி காரிலேயே இருந்தார். மற்ற இருவரும் இறங்கி நடந்தார்கள்.

முதல் பெட்டி மூடியிருந்தது. எலி நுழைந்தால்தான் கதவு மூடும். பூங்கோதை திறந்தாள். காலி. வடையும் இல்லை.

இரண்டாவதும் மூடியிருந்தது. காலி. புழுக்கை இல்லை, முடி இல்லை, துணுக்கு இல்லை. எந்த எலி இவ்வளவு சுத்தமாகச் சாப்பிடும்?

மூன்றாவது... நான்காவது... எல்லாம் அப்படியே.

“ஒண்ணாவது இருக்கணும். ஒண்ணே ஒண்ணு...” அவள் ஓட ஆரம்பித்தாள்.

கடைசிப் பெட்டி.

டொக்... டொக்...

“இருக்கு! உள்ள இருக்கு!”

தூக்கினாள். கனமே இல்லை.

டொக்.

கதவைத் தள்ளினாள்.

சூடான மூச்சு முகத்தில் அடித்தது. சோம்பு வாசனை.

உள்ளே... ஒன்றுமில்லை.

கோதண்டராமன் பக்கத்து மைக்கூட்டிலிருந்து தாளை உருவினான்.

ஐந்து விரல் நுனிகள். சோறு அள்ளுவது போலக் குவிந்து. மறுபடி, மறுபடி.

நுனிகள் வெளியே பார்த்திருந்தன. கை உள்ளேயிருந்து நீண்டிருந்தது.

காருக்கு ஓடினார்கள். தாளைப் பார்த்த நிர்மலாதேவி கட்டைவிரல் பதிந்த பக்கத்தைத் தடவினார்.

“இடது கை லா...” காரிலிருந்து இறங்கியவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். “எத்தனை தரம் அடிச்சிருக்கேன், இந்தக் கையால சாப்பிடாதேன்னு.”

அவருக்கு ஒரு தம்பி இருந்ததே அவர்களுக்கு அன்றுதான் தெரியும். பெயர் தினேஸ்வரன். நான்கு வருடம் முன்பு இதே மலைக்குத் தனியாக நடக்கப் போனவன். உடல் கிடைக்கவில்லை. ஈப்போவில் அம்மா அவன் உயிரோடிருக்கிறான் என்றே சாதித்தார். அதனால் எந்த அமாவாசைக்கும் அவனுக்கு இலை போட்டதில்லை.

“பெட்டியை எடுக்காதே பூங்கோதை. பசியா இருக்கான் லா.”

“அக்கா, வெள்ளிக்கிழமை... என் படிப்பு...”

“உன் கால்ல விழறேன்.”

அன்று மாலையே பூங்கோதை பேராசிரியருக்கு எழுதினாள். பெட்டி வரிசையில் பிடிபட்டவை: பூஜ்யம். ஆய்வை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். பெட்டிகளைத் திருப்பித் தர இயலவில்லை, மன்னிக்கவும்.

உறையை நாவால் ஈரப்படுத்தி ஒட்டினாள். டெய்ரி என்று அங்கே சொல்லும் தெருமுனைக் கடையின் வாசலில் இருந்த தபால் பெட்டியில் போட்டாள். உள்ளே அது விழும் சத்தத்துக்காகக் காத்து நிற்கவில்லை.