லெத்தீசியா என்று அழைத்த அப்பா

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவில் எங்களோடு கலந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கட்டுரையின் கீழே உள்ள பெயரைப் பார்த்து, "இது யாரு, வேற்று மனுஷி?" என்று உங்களில் பலர் கேட்கக்கூடும். நான்தான். உங்களுக்கெல்லாம் அம்மு. அப்பா இருந்தவரை அந்தப் பெயரைச் சொல்லி என்னை அழைத்தவர் அவர் ஒருவரே.

அப்பா அரியலூர்ப் பக்கம், முந்திரிக்காட்டை நம்பிய ஒரு குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, ஐ.டி.ஐ. படிப்போடு நிறுத்திக்கொண்டு தம்பி தங்கைகளைக் கரையேற்றினார். திருமணமான கையோடு கத்தாருக்குப் போனார். தோஹா தொழில்பேட்டையில் கேம்ப், சைட்டில் பைப் ஃபிட்டர் வேலை. அங்குள்ள வெயிலைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. கேட்டால், "எனக்கென்ன, ஏசி ரூமு. ஒங்கள மாதிரி கரண்ட் போயி விசிறிக்கிட்டா கெடக்குறேன்?" என்று எங்களையே கேலி செய்வார்.

நான் பிறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பரணி நட்சத்திரம் என்பதால் லீ, லூ, லே, லோ இவற்றில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டும் என்றார் ஜோசியர். லீலா, லோகேஸ்வரி என்று வீட்டில் பெயர்கள் தயாராகவே இருந்தன. அப்பா ஒப்பவில்லை. அவருடைய ஃபோர்மேன் இத்தாலிக்காரர். பேத்தி பிறந்த பூரிப்பில் இருந்த அந்த மனிதரிடம், டீ குடிக்கும் நேரத்தில் பாதி இந்தியும் பாதி இங்கிலீஷுமாகப் பெண்பிள்ளைப் பெயர்கள் கேட்டிருக்கிறார். அவர் பொருளோடு சொன்னதை ரூமில் எல்லோருமாக உட்கார்ந்து அலசினார்கள். லூச்சியா என்றால் ஒளி. அது பக்கத்து ஊர்ச் சர்ச் டீச்சரின் பெயர்போல இருக்கிறதென்று தள்ளுபடி. லிதியா என்றால் ஏதோ பழைய நாட்டுக்காரி. அதுவும் வேண்டாம். லெத்தீசியா என்றால் மகிழ்ச்சி. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா ஃபோனில் சண்டை போட்டார். அதற்கு அப்பா சொன்ன காரணத்தை அம்மா இன்றும் அப்படியே சொல்வார்: "லீலான்னு கூப்ட்டா நாலு பேரு திரும்புவாங்க. எம் மூஞ்சி அதுக்குத் தெரியாது, அது மூஞ்சி எனக்குத் தெரியாது. ஏர்போர்ட்ல எறங்கிக் கூட்டத்துல கூப்ட்டா எம் புள்ள மட்டும் திரும்பணும்."

பெயர் சூட்டும் நாளில் அத்தை என்னை மடியில் வைத்து ஃபோனை என் காதில் பிடிக்க, அப்பா கத்தாரிலிருந்து மூன்று முறை பெயரைச் சொன்னார். ரூமில் இருந்தவர்கள் அந்தப் பக்கம் கை தட்டினார்களாம். சடங்கு முடிந்தது. யாருடைய வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. அன்று மாலையே நான் அம்மு ஆகிவிட்டேன்.

எனக்கு மூன்று வயதானபோது அப்பா முதல் லீவில் வந்தார். திருச்சி விமான நிலையத்தில் கம்பிக்கு அப்பால் நின்று, "லெத்தீசியா! லெத்தீசியா!" என்று கூப்பிட்டார். கூட்டமே திரும்பிப் பார்த்ததாம். நான் மட்டும் திரும்பவில்லை. அப்படி ஒரு பெயர் எனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

அப்பா யாரையும் கடிந்துகொள்ளவில்லை. திரும்பிப் போனதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஃபோனில் முதலில் என் பெயரைச் சொல்வார். நான் "ஆங்" என்ற பிறகுதான் வேறு பேச்சு. என் படிப்பும் பரீட்சையும் வேலையும் அந்த "ஆங்"குக்குப் பிறகே அவருக்குத் தெரியவந்தன. நான் அப்பாவோடு ஒரே கூரையின்கீழ் இருந்தது லீவு நாள்களில் மட்டுமே. மற்ற நாள்களில் அவர் எனக்கு ஒரு குரல்.

சென்ற ஆண்டு டூட்டியில் இருந்தபோதே மாரடைப்பால் அப்பா காலமானார். அப்பாவின் உடல் வந்த பெட்டியோடு துணைக்கு வந்தவர் அவருடைய ரூம்மேட் செல்வம் சித்தப்பா. எங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. திருச்சி விமான நிலையத்தில் யாரைத் தேடுவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"லெத்தீசியா!"

அத்தனை கூட்டத்தில் நான் ஒருத்திதான் திரும்பினேன்.

"ஒன் மூஞ்சி எனக்குத் தெரியாது பாப்பா. கூப்ட்டா நீ மட்டுந்தான் திரும்புவன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.

அப்பாவை ஊர் கொண்டுவந்து சேர்த்த செல்வம் சித்தப்பாவுக்கும் கேம்ப் நண்பர்களுக்கும், பேப்பர் வேலைகளுக்காக அலைந்த தோஹா தமிழ் அன்பர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த ஓராண்டில் வெள்ளிக்கிழமைகள்தாம் கடக்க முடியாதவையாக இருக்கின்றன. வீடு நிறைய ஆள் இருந்தும் எனக்குத் தனிமையாக இருக்கிறது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாக்கு ஒத்துழைத்தால், என்னை எங்காவது பார்க்கும்போது ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் திரும்புவேன்.

அன்புடன்,
லெத்தீசியா