லோஜினியின் முகம்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் சித்திரம் படிப்பிக்கும் ஜீவராணி முகங்களை வரைவதில்லை. பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்தவள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகளிலிருந்து கழற்றிப்போட்ட துருத் தகரங்களில்தான் படம் செய்தாள். துருவின் மேல் வண்ணம் பூசி, காய்ந்ததும் பிளேடால் சுரண்டுவாள். ஈரம் ஊறிய சுவர், கொடியில் தொங்கும் சட்டை, ஆளில்லாத வாசல் என்று ஒவ்வொன்றாக எழும்பி வரும். கொழும்பில் இரண்டு கண்காட்சிகளில் அவற்றை வைத்தார்கள்.

ஏன் முகமே இல்லை என்று யாராவது கேட்டால், "கொழுந்து பறிக்கிற பொம்பள சிரிக்கிற மொகத்த தேயிலை டப்பாவுல போட்டு வித்தாச்சு. நான் வேற எதுக்கு வரையணும்?" என்பாள்.

போன கார்த்திகை மழையில் மலை சரிந்து கீழ் லயம் மண்ணுக்குள் போனது. அங்கே குடியிருந்த அழகம்மா தண்ணீர் பிடிக்க மேலே போயிருந்ததால் தப்பினார். பத்தொன்பது வயது மகள் லோஜினி வீட்டுக்குள் இருந்தாள். மூன்றாம் நாள் உடலை எடுத்தார்கள். சவப்பெட்டியைத் திறக்கவில்லை.

பிழைத்தவர்களைப் பாடசாலை மண்டபத்தில் தங்கவைத்தார்கள். அங்கேதான் அழகம்மா ஜீவராணியைத் தேடி வந்தார்.

"டீச்சர், போன், போட்டோ அல்பம், அடையாள அட்டை எல்லாம் மண்ணோட போயிருச்சுங்க. கருமாதிக்கு வைக்க எம்புள்ள படம் ஒண்ணு இல்ல. வரைஞ்சு தாங்க."

"நான் மொகம் வரையறதில்லக்கா."

"நீங்க படம் வரையிறவங்கதானே?"

லோஜினி தினமும் பாடசாலையைக் கடந்து கடை வேலைக்குப் போனவள். ஜீவராணி யோசித்துப் பார்த்தாள். அவளுடைய குடை ஞாபகம் வந்தது, வேகநடை ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை.

யாருடைய போனிலோ ஒரு விளையாட்டுப் போட்டிப் படம் கிடைத்தது. கூட்டத்துக்குள் நகத்தளவில் லோஜினியின் முகம். மற்றதையெல்லாம் தாயிடம் கேட்டுத்தான் வரைய வேண்டியிருந்தது. நெற்றி எப்படி, மூக்கு யாரைப்போல என்று அழகம்மா சளைக்காமல் சொன்னார்.

"மச்சம்னு சொன்னீங்களே, எந்தக் கன்னத்துலக்கா?"

"வலது... இல்ல, இடது." தன் கன்னங்களையே மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். கை அப்படியே நின்றது. "எனக்கே மறந்து போச்சா, டீச்சர்? பெத்தவ எனக்கே?"

அன்று அதற்குமேல் ஜீவராணி வரையவில்லை. மறுநாள் மச்சத்தை இடது கன்னத்தில் வைத்தாள்.

கருமாதியன்று படத்துக்கு மாலை போட்டார்கள். வெகுநேரம் பார்த்த அழகம்மா, "என் தங்கச்சி சாயல்தான் வருது" என்றார். பிறகு, "பரவாயில்லங்க, இருக்கட்டும்."

மாசியில் ஜீவராணி அவரைப் பார்க்கப் போனாள். தற்காலிகமாகக் கொடுத்திருந்த தகரக் கொட்டிலில் அந்தப் படத்துக்குக் கீழே விளக்கு எரிந்தது.

"கண்ண மூடினா இப்ப இந்தப் படந்தான் வருதுங்க, டீச்சர். மொதல்ல வேற ஒரு மொகம் வந்துக்கிட்டிருந்துச்சு. அது வர்றதில்ல."

ஜீவராணி படத்தைக் கழற்றக் கை நீட்டினாள். "குடுங்கக்கா, திருத்தித் தாறேன்."

"வேணாங்க. இதையும் குடுத்துட்டா என்கிட்ட என்ன இருக்கு?"

அதன்பிறகு அவள் சொந்தமாக எதுவும் வரையவில்லை. வகுப்பில் பிள்ளைகள் தங்கள் அம்மாவை வரைந்துகொண்டு வந்தால், சரியென்றும் சொல்வதில்லை, பிழையென்றும் சொல்வதில்லை. பத்துக்கு இத்தனை என்று புள்ளியைப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள்.