கல்வெட்டுக்குப் போகணும்

மீன் பிடிப்பது எனக்குப் பிடிக்காது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்துக் குடியிருப்பே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் கிளம்பும். நான் பாயை விரித்துப் படுத்துவிடுவேன். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். நானும் மனைவியும் ஈப்போவுக்கு வந்தோம். எனக்கு ஒரு பலகை ஆலையில் வேலை கிடைத்தது. கொசுவோடும் அட்டையோடும் இருந்த உறவு அதோடு அறுந்தது என்றுதான் நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். கட்டியை எடுத்தாயிற்று என்றார்கள், தையலும் போட்டார்கள். காயம் மட்டும் ஆறவில்லை, அவளை வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் நீர் கட்டும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: விரால். தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவரும் ஒத்துப்போகிற விஷயங்கள் எங்கள் ஊரில் குறைவு. வெட்டுக்காயத்துக்கு விரால் சூப்பு என்பது அதில் ஒன்று. இதைக் கண்டுபிடித்த ஆசாமி என் கையில் கிடைத்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

பாசாரில் விரால் வரும். நான் ஆலை விட்டுப் போவதற்குள் தீர்ந்திருக்கும். மீன்காரச் சீனர் "ஹபிஸ் லா" என்று கையை விரிப்பார். ஒரு நாள் அதிசயமாகக் கிடைத்தது. அதற்கும் இவள் முகத்தைச் சுளித்தாள்.

"குளத்துல வளத்த மீனுல என்னாங்க சத்து இருக்கு? நம்ம கல்வெட்டு மீனா இருந்தா சொல்லுங்க."

தோட்டத்துச் சடக்குக்கு, அதாவது சாலைக்கு, அடியில் ஓடைத் தண்ணீர் போவதற்குப் பெரிய சிமெண்டுக் குழாய் பதித்திருப்பார்களே, அதுதான் எங்களுக்குக் கல்வெட்டு. அந்தக் காலத்துத் துரை இங்கிலீஷில் கல்வர்ட் என்று சொல்ல, எங்கள் ஆட்கள் காதில் விழுந்ததைத் தமிழாக்கி வைத்துக்கொண்டார்கள். வெயில் நேரத்தில் விரால் அதற்குள்தான் பதுங்கிக் கிடக்கும்.

ஆக, வேலை முடிந்ததும் உடம்பெல்லாம் மரத்தூளோடு மோட்டார் சைக்கிளை எடுப்பேன். பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையில் போய், செம்மண் சடக்கில் திரும்பி, பழைய தோட்டத்துக்குள் நுழைவேன். முதலில் தூண்டிலுக்குத் தவளை பிடிக்க வேண்டும். அதற்கே இடுப்பு ஒடிந்துவிடும். தவளையைத் தூண்டில் முள்ளில் குத்தி, குழாய் வாயில் தொப்பென்று விழும்படி போட்டு இழுக்க வேண்டும். விரால் கவ்வினால் குழாய்க்குள்ளேயே இழுத்துக்கொண்டு ஓடும். தூண்டில் நரம்பு, தங்கூசி, சிமெண்டில் உரசி அறுந்துபோகும். பல நாள் கெளுத்திதான் வந்தது. அதன் முள் குத்தி என் கை வீங்கியதும் உண்டு. கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து, மீனை வெட்டி, இஞ்சி பூண்டு மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். அவள் குடித்து முடிப்பதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போவேன். பார்வை நேரம் முடிந்து மணி அடித்ததும் அவள்தான் தட்டி எழுப்புவாள்.

"பாக்க வந்தவரு தூங்குறாரு, படுத்துக் கெடக்கிறவ எழுப்புறா. நல்லா இருக்குலா" என்பாள்.

அந்த வார்டு மிஸ்ஸி, அதாவது தலைமை நர்ஸ், யாழ்ப்பாணத்து அம்மா. பென்ஷன் வாங்கும் வயதை நெருங்கியவர், கறார் பேர்வழி. என் மனைவியின் கட்டிலுக்கு எதிரில்தான் அவர் மேசை. ஒரு நாள் சாயங்காலம் அவரிடம் போய் நின்றேன்.

"மிஸ்ஸி, நாளைக்கு நான் வர கொஞ்சம் லேட்டாகும். கல்வெட்டுக்குப் போகணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கல்வெட்டோ? ஆருக்கு?"

"இவளுக்குத்தான். வேற யாருக்கு?"

"மனிசி உயிரோட இருக்கேக்க கல்வெட்டோ? உமக்கென்ன விசரோ?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கும் சுர்ரென்று வந்தது. நாள் முழுக்கப் பலகை தூக்கிவிட்டு வந்து இவரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா?

"எல்லாரும் செய்யுறதுதானே மிஸ்ஸி? லேட்டாப் போனா நல்லதா கிடைக்காது" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். குரல் இறங்கியிருந்தது.

"டாக்டர் திங்கக்கிழமைதான் உம்மோட கதைக்கிறதெண்டு சொன்னவர். அதுக்குள்ள ஆர் உமக்குச் சொன்னது?"

"எத மிஸ்ஸி?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் ஆட்களிடையே கல்வெட்டு என்றால் செத்தவரைப் பற்றிப் பாட்டுக் கட்டி, அச்சடித்து, முப்பத்தோராம் நாள் வாசிப்பது. அதை அவர் அப்புறம்தான் எனக்கு விளக்கினார். அதற்கு முன்பே மற்றதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கட்டியை முழுசாக எடுக்க முடியவில்லையாம். ஈரல்வரை பரவியிருக்கிறதாம். காலி பிளாஸ்க்கைப் பிடித்தபடி நான் நின்றிருந்தேன். சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருந்தது. அவள் இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று பயமாக இருந்தது.

மறுநாளும் கல்வெட்டுக்குப் போனேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பாள். திங்கட்கிழமை டாக்டரும் அதையே சொன்னார். தலையாட்டிவிட்டு வந்து, அன்றைக்கும் போனேன்.

வேடிக்கை என்னவென்றால், காயம் ஆறத் தொடங்கியது. நீர் வற்றித் தோல் கூடியது. டாக்டரே குனிந்து பார்த்து நல்லது என்றார். வெளியே இவ்வளவு ஒழுங்காக மூடிக்கொண்டதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. கட்டுப் பிரித்த அன்று அவள் சட்டையை விலக்கிக் காட்டினாள்.

"பாத்தீங்களா, ஆறிடுச்சு."

"ஆமா" என்றேன். "இனிமே மீனு வேணாம்ல?"

அவள் சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கு மிஸ்ஸி உங்களத் திட்டுனது எனக்கும் கேட்டுச்சு. அவங்க ஆளுங்களுக்குக் கல்வெட்டுன்னா என்னான்னு பக்கத்துக் கட்டில் அக்காகிட்ட கேட்டுக்கிட்டேன்."

நான் பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி இறுக்கினேன்.

"நமக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லலா" என்றாள். "நமக்குக் கல்வெட்டுன்னா மீனுதான். நாளைக்கும் போயிட்டு வாங்க."

"காயந்தான் ஆறிப்போச்சே."

"ஆறுனா என்னா? போயிட்டு வாங்க."

மறுநாள் ஆலை விட்டதும் மோட்டாரை நேராகத் தோட்டத்துக்கு விட்டேன்.