பெருங்களத்தூரிலிருந்து பம்மலுக்கு ஒரு பாதுகாப்பான பயணம்

பெரிய வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பெருங்களத்தூரிலிருந்து கிளம்பினோம், நானும் என் அக்கா ஸ்டெல்லாவும். போக வேண்டியது பம்மல் பக்கம் எங்கள் குடும்பம் காலம் காலமாகப் போகிற ஆலயத்துக்கு. அதன் பெயர் இங்கே வேண்டாம், சொன்னால் சபைச் செயலர் சண்டைக்கு வருவார். தூரம் பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். பதின்மூன்று கிலோமீட்டரையெல்லாம் பயணம் என்று எழுதுவதா என்று கேட்பவர்கள், விடுமுறை நாளில் ஒருமுறை ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

மின்சார ரயிலில் போனால் பல்லாவரத்துக்கு ஐந்து ரூபாய். ஆனால் அக்காவுக்கு ஆஸ்துமா. ரயில் நிலையப் படிக்கட்டு ஏறி இறங்கினால் அன்றைக்குப் பாட்டும் கிடையாது, ஜெபமும் கிடையாது. அதனால் அன்சாரின் ஆட்டோ. பம்மலில் குடியிருக்கிற அன்சாரை எங்களுக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். போய் வர, நடுவில் காத்திருக்க, எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய். ஒன்றும் அதிகமில்லை.

கனடாவில் இருக்கும் நண்பன் ஒருவன் முந்தின நாள் போனில் கேட்டிருந்தான். “இலங்கையில ஈஸ்டர் அன்னைக்குக் கோயில்ல குண்டு வெச்சு இத்தனை வருஷம் ஆச்சே, இப்போ உங்க ஊர்க் கோயிலுக்கெல்லாம் பயமில்லாம போக முடியுதா?” போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இந்தக் கட்டுரை அவனுக்கும் சேர்த்துத்தான்.

தாம்பரம் தாண்டும்வரை வண்டி ஓடியது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய மிக்ஸி, பூச்செடி, கூண்டுக் கோழி, சைக்கிள் டயர் என்று வாங்கியவர்கள் எல்லோரும் அதைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். வெயில் தகரத்தில் சுட்டது. அக்கா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, பையில் இருந்து இன்ஹேலரை எடுத்து ஒருமுறை இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, இன்னாக்கா, முட்டுதா? வேணும்னா சைடுல நிறுத்தட்டா?” என்றார் அன்சார்.

“இல்லப்பா, நீ போ. பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சிடுவாங்க.”

பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம். முடிந்ததும் எல்லோருக்கும் கஞ்சி, துவையல். முன்பெல்லாம் ஆட்டோ நேராக ஆலயப் படிக்கட்டு வரைக்கும் போகும். இலங்கைச் சம்பவத்துக்குப் பிறகு கேட்டோடு சரி. அங்கிருந்து அக்கா நடக்க வேண்டும்.

சரி, ஒழுங்கு என்றால் ஒழுங்குதான், நடக்கலாம். ஆனால் நாங்கள் இறங்கி நிற்கும்போதே கமிட்டி உறுப்பினர் ஒருவரின் கார் வந்தது. கண்ணாடியில் சபையின் ஸ்டிக்கர். கேட் திறந்தது, வாலிபர் சங்கத்துப் பையன்கள் சல்யூட் வைக்காத குறை. டிக்கியைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. குண்டு வைக்கிறவனுக்கு ஸ்டிக்கர் ஒட்டத் தெரியாது என்று முடிவு செய்திருக்கிறார்கள் போல.

பை உள்ளே கொண்டுபோகக் கூடாது. பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு பையை வாசலில் போட்டுவிட வேண்டும். கேட்டை ஒட்டி ஒரு சாமியானா போட்டிருந்தார்கள். அதன் கீழே பைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பாதிக்கு மேல் ஒரே மாதிரி வெள்ளைப் பை, பெண்கள் ஐக்கிய சங்கம் பொன்விழாவுக்குக் கொடுத்தது. எது யாருடையது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். வருகிற ஜனம் முழுவதும் அந்தக் குவியலை உரசிக்கொண்டுதான் வரிசையில் நின்றது. ஆளில்லாத பை ஆபத்து என்று ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். இவர்கள் நூற்றுக்கணக்கில் ஆளில்லாத பைகளைத் தயாரித்து வாசலில் அடுக்கி, அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

அக்கா பையைக் கொடுத்துவிட்டு இன்ஹேலரை மட்டும் கைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற பையனின் கையிலிருந்த மெட்டல் டிடெக்டர் பீப் என்றது.

“ஆன்ட்டி, அது என்ன? ஸ்பிரே எல்லாம் அலவ்டு இல்ல. பைலயே வெச்சிடுங்க,” என்றான் பையன்.

“தம்பி, அது மூச்சுக்கு. அது இல்லாம என்னால உக்கார முடியாதுப்பா.”

“ரூல் ஆன்ட்டி.”

செயலரே வந்தார். வெள்ளை ஜிப்பா, மார்பில் அடையாள அட்டை. “பிரதர், ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. நம்ம நல்லதுக்குத்தானே?” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன். பின்னால் வரிசை முனகியது. அக்கா என் கையைப் பிடித்து, “விடு, தகராறு வேணாம், நல்ல நாளு,” என்றாள். பையைத் திரும்ப வாங்கி இன்ஹேலரை அதில் போட்டு, அந்தக் குவியலில் எறிய மனமில்லாமல், எதிரே வேப்பமர நிழலில் நின்ற அன்சாரிடம் கொடுத்தேன். “கூப்பிட்டா உடனே எடுத்துட்டு வாங்க.” “கையிலயே வெச்சிகினு கீறேன் சார், நீங்க போங்க,” என்றார்.

உள்ளே போனால் பக்கக் கதவுகள் எல்லாம் பூட்டு. அதுவும் பாதுகாப்புதான். திறந்திருந்தது ஒரே கதவு. மின்விசிறிகள் சுடுகாற்றைச் சுற்றிச் சுற்றி எங்களுக்கே பரிமாறின. ஐந்தாவது பிரசங்கியார் தாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அக்காவின் தோள்கள் ஏறி இறங்க ஆரம்பித்தன. உதடு வெளுத்திருந்தது. அவளை வெளியே நடத்திக்கொண்டுபோக இடமில்லை, இடைவழியிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அன்சாருக்கு போன் போட்டு, பையை எடுத்துவரச் சொல்லிக்கொண்டே கூட்டத்தை இடித்துத் தள்ளி ஓடினேன்.

கேட்டில் நான் கண்டதை அப்படியே எழுதுகிறேன். அன்சாரைக் காம்பவுண்டுச் சுவரோடு சேர்த்து நான்கு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். சட்டைப் பொத்தான்கள் போயிருந்தன. அக்காவின் பை நடைபாதை நடுவில் கிடந்தது. அதைச் சுற்றிப் பெரிய வட்டமாக எல்லோரும் விலகி நின்றார்கள்.

“யோவ், அக்காவுக்கு மூச்சு முட்டுதுய்யா! மருந்து கீது அதுல! என்ன அப்பால அடிங்க, அத மொதல்ல எட்த்துகினு போங்கய்யா!” என்று அன்சார் கத்திக்கொண்டிருந்தார்.

எடுத்துப்போக ஆளில்லை. தாடி வைத்த ஒருவர் பையோடு ஓடி வந்திருக்கிறார், பேரைக் கேட்டிருக்கிறார்கள், அவரும் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான் நடந்தது. “பிரதர், தொடாதீங்க! போலீசுக்குச் சொல்லியாச்சு!” என்று செயலர் என்னைத் தடுத்தார். நான் அவரைத் தள்ளிவிட்டுப் போய்ப் பையைத் திறந்தேன். கீர்த்தனைப் புத்தகம், கண்ணாடிக் கூடு, ஒரு கைக்குட்டை, இன்ஹேலர். அந்த வட்டத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் சாமியானாவின் பைக் குவியலில் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

திரும்ப ஓடினேன். அக்கா இரண்டு முறை இழுத்தாள். பிறகு இன்னொரு முறை. நெஞ்சு அடங்க நேரம் பிடித்தது. அவள் கண்ணைத் திறந்து, “தண்ணி,” என்று கேட்கும்வரை எனக்கு உயிர் இல்லை.

வெளியே வந்தபோது அன்சாரை விட்டிருந்தார்கள். எங்கள் உபதேசியார் ஒருவர் அவரை அடையாளம் சொன்னாராம். மன்னிப்பு என்ற சொல்லை ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை. அன்றைய முதல் பிரசங்கம் முழுக்க அதைப் பற்றித்தான். செயலர் மட்டும், “தப்பா எடுத்துக்காதீங்க பாய், இருந்து கஞ்சி குடிச்சிட்டுப் போங்க,” என்றார்.

“வேணாம் சார். அக்காவ வூட்ல வுடணும்,” என்றார் அன்சார். சட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்திருந்தார்.

நான் செயலரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “குண்டு வெக்கிறவன் இங்க வரவே வேணாம் சார். அவன் செய்ய வேண்டியத நீங்களே செஞ்சிட்டிருக்கீங்க.” நல்ல நாளும் அதுவுமாக என்று யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

திரும்பும் வழியில் பல்லாவரத்தில் சந்தைக் கூட்டம் இன்னும் பெருத்திருந்தது. அதில் எவர் பையையும் எவரும் பார்க்கவில்லை. கூண்டுக் கோழி வாங்கிய ஒருவர் எங்கள் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இளைப்பாறினார். அன்றைக்குக் காலையிலிருந்து நான் பயமில்லாமல் மூச்சுவிட்ட இடம் அதுதான். நண்பனிடம் சொல்ல இதுதான் இருக்கிறது: ஆபத்து குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. பயத்தை நாம் நன்றாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறோம். அது இப்போது யாரைக் கடிக்க வேண்டும் என்று ஆள் பார்த்துத்தான் கடிக்கிறது.

ஐந்து மணிக்குப் பெருங்களத்தூர். எப்போதும் தெருமுனையில் இறங்கிக்கொள்வோம். அன்றைக்கு அக்காவால் நடக்க முடியாது என்பதால் ஆட்டோவை எங்கள் அடுக்குமாடி வளாகத்துக்குள்ளேயே விடச் சொன்னேன். இங்கே நாங்கள் இருநூறு குடும்பம், படித்தவர்கள், பெரிய கேட். உள்ளே வரும் ஆட்டோக்காரர்களின் பெயரைக் காவலாளி போனில் பதிவு செய்ய வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

“பேரு?” என்றார் காவலாளி.

நான் வாயைத் திறப்பதற்குள் அன்சார், “ஆனந்த்,” என்றார்.

தடுப்புக் கம்பம் உடனே மேலே போனது. அக்கா என்னைப் பார்த்தாள். லிஃப்ட் வாசலில் இறங்கும்போது, “ஏன் அன்சார், நாங்க கூட இருக்கும்போது ஏன்?” என்று கேட்டேன்.

“அக்காவ சீக்கிரம் மேல கூட்டிகினு போங்க சார்,” என்றார். “என் பேர சொல்லிகினு நின்னா லேட்டாவும்.”