பிரித்துப் பார்த்த சிலிண்டர்

அந்த மெக்கானிக்குக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் சோறு இறங்கும். வீட்டு மிக்ஸி, பக்கத்து வீட்டுக் கடிகாரம், ஒன்றும் தப்பாது. கடைசியில் அந்தக் கைதான் அவரைக் கவிழ்த்தது.

அக்கா புருஷன் டாக்சி ஓட்டுபவர். வாங்கிய நாளிலிருந்து அந்தக் காரைப் பார்த்துக்கொண்டது இவர்தான். ஒரு நாள் காலை சிக்னலில் மாமா பிரேக்கை மிதிக்க, பெடல் சும்மா தரையோடு போய் உட்கார்ந்துவிட்டது. ரோட்டைக் கடந்துகொண்டிருந்த தபால்காரரின் கால் எலும்பு நொறுங்கியது. கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்கு, லைசென்ஸ் போயிற்று. "மிதிச்சேன் மாப்ள, சத்தியமா மிதிச்சேன்" என்று மாமா அழுததை இவரைத் தவிர ஒருவரும் நம்பவில்லை.

பிரேக் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போலீஸ் காரைத் திருப்பிக் கொடுத்தது. வந்த அன்றே, பெடலை மிதித்தால் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தார் மெக்கானிக். உள்ளே ரப்பரின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு மடிப்பு. அழுத்தம் அந்த வழியாகத்தான் கசிந்து போயிருக்கிறது. அதே மாடலில் அதே கோளாறைப் பார்த்ததாக வேறு இரண்டு ஷெட்காரர்களும் சொன்னார்கள். மனுஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாமா தப்பித்தார் என்று அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

கார் கம்பெனி என்ன லேசுப்பட்டதா? போன் செய்தால் பாட்டுப் போட்டது. கடிதங்கள் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்தன. ஏழு மாதம் நடையாய் நடந்த பிறகு சர்வீஸ் மேனேஜர் ஒருவர் முகம் கொடுத்துப் பேசினார்.

"யாருங்க இதைப் பிரிச்சது?"

"நான்தான் சார். பிரிக்காம எப்படித் தெரியும்?"

"அப்படியே கொண்டுவந்திருந்தா நாங்க சோதிச்சிருப்போம். நீங்க கழட்டும்போதே அந்த மடிப்பு விழுந்ததுன்னு நாங்க சொன்னா, இல்லைன்னு எப்படிக் காட்டுவீங்க?"

மெக்கானிக் விடவில்லை, பதிலை எழுத்தில் கேட்டார். அதைக் கேட்காமலாவது இருந்திருக்கலாம்.

பதில் வந்தது. பாகத்தில் உற்பத்திக் குறை இல்லை. முறையற்ற பராமரிப்பே காரணமாக இருக்கக்கூடும். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

"பராமரிப்புன்னா நீதானேடா?"

"அவங்க தப்பை என் தலையில கட்டுறாங்கக்கா."

"நீ கழட்டுறப்ப அது விழலைன்னு நிச்சயமா தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தார். ஏழு மாதமாக எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தையில் அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. "விடும்மா, அவன் என்ன பண்ணுவான்" என்று சொல்லிவிட்டு மாமா குடோன் காவல் வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அடுத்த வாரம், இத்தனை நாள் இவர் பார்த்துவந்த அக்காவின் ஸ்கூட்டர் சர்வீசுக்காக எதிர்ச்சாரியில் இருந்த வேறொரு மெக்கானிக்கின் ஷெட்டில் நின்றது.

"உனக்கு எதுக்குடா சிரமம்னுதான்" என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல்.